பையை முதுகுக்கு வாங்குங்கள், போட்டோவுக்கு அல்ல



ஒரு பை வாங்குவதற்கு இவ்வளவு நீளமான பதிவா என்று கேட்பீர்கள். முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள். வாத்தியார் பாடம் நடத்தி ரொம்ப நாளாகிவிட்டது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். அவனும் நம் பள்ளியில் 98இல் பத்தாம் வகுப்பு முடித்த செட்டுதான். அந்த செட்டில் பதினைந்து பேர் சேர்ந்து பொங்கல் கழித்து மலையேறப் போகிறார்கள். வனத்துறையில் முறையாகப் பதிவு செய்து, வழிகாட்டியோடு, காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் ஒரு நாள் நடை. கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் போட்டோவில் இருந்த பையைப் பார்த்ததும் கொஞ்சம் கலங்கிப் போனேன்.

பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக, ராணுவ உடுப்பு மாதிரி ஒரு பை. 65 லிட்டர். பக்கவாட்டில் துப்பாக்கியைச் செருகிக் கட்ட ஒரு பட்டை. எண்ணிப் பார்த்தால் பதினோரு ஜிப். "மாமா, அமெரிக்காவுல வேட்டைக்குப் போறவங்க வச்சிருக்கிற மாடல். எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தான்.

"யாரைச் சுடப் போறே மாப்ளே?" என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினான். அதற்குள் அந்த செட்டு குழுவில் இன்னும் நான்கு பேர் "எங்கே வாங்கினே, லிங்க் அனுப்பு" என்று கேட்டுவிட்டார்களாம். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையை நான் குறை சொல்லவில்லை. எந்த வேலைக்காகச் செய்தார்களோ அந்த வேலைக்கு அது நல்ல பைதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் எல்க் என்கிற பெரிய மானை வேட்டையாட உரிமம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ரோட்டை விட்டுப் பல மைல் உள்ளே நடப்பார்கள். சுட்ட விலங்கை அங்கேயே பாகம் பிரித்து, இறைச்சியை முதுகில் சுமந்துதான் வெளியே கொண்டுவர வேண்டும். ஒரு ஆள் ஒரே நடையில் கொண்டுவர முடியாது, பல நடை நடக்க வேண்டும். அதற்காகவே அந்தப் பையில் சட்டம் தனி, பை தனி. இரண்டுக்கும் நடுவே ஒரு தட்டு மாதிரி இடம் விட்டிருப்பார்கள். இறைச்சியை அதில் வைத்து, முதுகோடு ஒட்டி இறுக்கிக் கட்டிவிடலாம். பாரம் தாங்க வேண்டும் என்பதால் சட்டம் கனமாக இருக்கும். வெறும் பையே மூன்று கிலோ அளவுக்கு வரும். துணிகூட, மரத்தில் உரசினால் சத்தம் வராத துணி. விலங்கு உஷாராகிவிடக் கூடாதல்லவா?

ஆக, அது போகும்போது லேசாகவும் திரும்பும்போது கனமாகவும் இருக்க வேண்டிய பை. நம் பை அப்படியே தலைகீழ். காலையில் தண்ணீரும் சாப்பாடும் நிரம்பிக் கனமாகப் போய், மாலையில் காலியாகத் திரும்புகிற பை. நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். கொண்டுவர இறைச்சி இல்லை, செருகத் துப்பாக்கி இல்லை. அப்புறம் அந்த மூன்று கிலோவை எதற்காகச் சுமக்க வேண்டும்?

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பல மாநிலங்களில், திட்டுத் திட்டான உடை போட்ட வேட்டைக்காரனும் மேலே பளீரென்ற ஆரஞ்சு நிறச் சட்டையோ தொப்பியோ போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. விலங்கென்று நினைத்து இன்னொரு வேட்டைக்காரன் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. நமக்கு அந்த ஆரஞ்சுதான் வேண்டும், பச்சை வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடந்ததை நம் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காட்டில் யாராவது நம்மைத் தேடி வர நேர்ந்தால், நம் பை அவர்கள் கண்ணில் பட வேண்டும். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, எதுவானாலும் சரி.

இனி நான் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இதை இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொன்னதில்லை.

1997 அரையாண்டு விடுமுறை. இதே செட்டில் பதினான்கு பையன்களைக் கூட்டிக்கொண்டு கும்பக்கரையிலிருந்து வெள்ளகவிக்கு ஏறினேன். கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் கூலியாட்கள் சுமை தூக்கிக்கொண்டு ஏறிய மலை அது. வெள்ளைக்காரர்களை டோலியில் தூக்கிப் போனதும் அந்தப் பக்கம்தான். வெள்ளகவிக்கு அன்றைக்கு ரோடு கிடையாது. ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள். சாமான் எல்லாம் குதிரை மேலும் ஆள் மேலும்தான் போகும்.

பையன்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பையில் துணிமணி வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவனிடம் மட்டும் அப்படிப்பட்ட பை இல்லை. உரச் சாக்கை அவன் அம்மா மடித்துத் தைத்து, தோளில் மாட்ட இரண்டு பக்கமும் நைலான் கயிறு கோத்துக் கொடுத்திருந்தார். வாய் பெரிய சாக்கு என்பதால், சமையல் அரிசி, பருப்பு, அலுமினியச் சட்டி எல்லாம் அதற்குள் போயின. "நான் தூக்கிக்கிறேன் சார்" என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். நானும் "சரிடா" என்றேன். தூக்கிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் அவன் பின்தங்கினான். இரண்டு மணி நேரத்தில் அவனுக்காக எல்லோரும் மூன்று முறை உட்கார வேண்டியதாயிற்று. இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றம் எனக்கு. மற்ற பதின்மூன்று பேர் முன்னால், "ஏண்டா, வீட்டுல சோறு போடலையா உனக்கு?" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தை வந்துவிட்டது.

ராத்திரி வெள்ளகவியில் படுக்கும்போது அவன் சட்டையைக் கழற்றவில்லை. "கழற்றிட்டுப் படுடா, வேர்வை நாத்தம்" என்றேன். கழற்ற முடியவில்லை. தோள்பட்டையில் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் நனைத்து எடுத்தோம். இரண்டு தோளிலும் கயிறு அறுத்த கோடு. "ஒண்ணும் இல்ல சார், காலையில சரியாயிடும்" என்றான்.

ஊர் திரும்பியதும், அவன் கொண்டுவந்த அதே சாமான் அளவை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 11 கிலோ. பள்ளி மருத்துவப் பதிவேட்டில் அவன் எடை 38 கிலோ.

அந்த டிசம்பர் மாதத்தில்தான் அவர்களுக்கு அழுத்தம் பாடம் நடத்தி முடித்திருந்தேன். ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை அழுத்தம். ஆணி முனை கூர்மையாக இருப்பது ஏன், ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பது ஏன், தலைச்சுமைக்குச் சும்மாடு எதற்கு என்றெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருந்தேன். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 11 கிலோவின் எடை ஏறக்குறைய 110 நியூட்டன். கயிறு ஒரு சென்டிமீட்டர் அகலம், தோளில் படும் நீளம் பத்து சென்டிமீட்டர், இரண்டு கயிறு. மொத்தம் 20 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தோலிலும் ஐந்தரை நியூட்டன். அதே பாரத்தை ஆறு சென்டிமீட்டர் அகலப் பட்டையில் தூக்கியிருந்தால் 0.9 நியூட்டன்தான். ஆறில் ஒரு பங்கு. பாடம் நடத்தத் தெரிந்த எனக்கு, எதிரே நடந்து வந்த பையன் தோளில் அந்தப் பாடம் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அதைச் சரிசெய்தது நானில்லை, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர். மலையில் சுமை தூக்கியே வயதானவர். முதலில் சட்டியையும் பாதி அரிசியையும் எடுத்து மற்றவர்கள் பையில் போடச் சொன்னார். கயிற்றுக்கு அடியில் சாக்கை நாலாக மடித்து வைத்தார். பிறகு ஒரு துண்டை முறுக்காமல் பட்டையாக மடித்து, பையின் அடிப்பாகத்தை இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். "தோள் பிடிக்கத்தான், இடுப்புதான் தூக்கணும்" என்றார். அன்றைக்கு அந்தப் பையன்தான் எல்லோருக்கும் முன்னால் நடந்தான்.

இன்று பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற பைகளின் சூட்சுமம் எல்லாம் அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வரியில் இருக்கிறது. இனி நான் சொல்லப் போவது அதற்கு விளக்கவுரைதான்.

பை வாங்கும்போது எல்லோரும் எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது உங்கள் முதுகு எத்தனை அங்குலம் என்பது. தலையைக் குனியுங்கள். பிடரிக்குக் கீழே ஒரு எலும்பு துருத்தும். அங்கே இஞ்ச் டேப்பின் நுனியை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டுங்கள். அந்த இரண்டு விரலுக்கும் நடுவே முதுகெலும்பு வரை டேப் இறங்க வேண்டும். அதுதான் உங்கள் முதுகு நீளம். பெரும்பாலானவர்களுக்கு 15 முதல் 20 அங்குலத்துக்குள் வரும். உயரமான ஆளுக்கு முதுகும் நீளமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். காலால் உயர்ந்தவர்களும் உண்டு, முதுகால் உயர்ந்தவர்களும் உண்டு. நல்ல பைகளில் இந்த அளவைப் போட்டிருப்பார்கள், அல்லது பட்டையை ஏற்றி இறக்கிக்கொள்ள வசதி இருக்கும். பெண்களுக்குத் தோள்பட்டை வளைவையும் இடுப்புப் பட்டையையும் வேறு மாதிரி அமைத்துத் தனியாகவே வருகிறது. நம் பெண் பிள்ளைகள் வீட்டுக்காரருடைய பையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

அடுத்தது இடுப்புப் பட்டை. அது வயிற்றில் இருக்கக் கூடாது, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். மாட்டும்போது முதலில் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள், அப்புறம் தோள்பட்டை, கடைசியாக மார்புப் பட்டை. நம்மில் முக்கால்வாசிப் பேர் தோளில் மாட்டிக்கொண்டு, இடுப்புப் பட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறோம். சரியாக மாட்டினால் பாதிக்கு மேற்பட்ட பாரம் இடுப்புக்கு இறங்கி, காலுக்குப் போய்விடும். தோளுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரலை எளிதாக நுழைக்க முடிந்தால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, எடை. ஒரு நாள் நடைக்கு உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு, ராத்திரி தங்குகிற நடைக்கு ஐந்தில் ஒரு பங்கு. இதைத் தாண்டக் கூடாது என்பது மலையேறுகிறவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் பிள்ளைகளுக்குப் பத்தில் ஒரு பங்குதான் என்கிறது. 65 கிலோ ஆளுக்கு ஆறரை கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. சாப்பாடு, மழைச்சட்டை, டார்ச், மருந்து, துண்டு, எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ. பை ஒரு கிலோ. ஐந்தில் முடிந்துவிடும். இதற்கு 25 லிட்டர் பை போதும். 65 லிட்டர் வாங்கினால் என்ன என்பீர்கள். பெரிய பை சும்மா இருக்காது, நிரப்பச் சொல்லும். இடம் இருக்கிறதே என்று இன்னொரு பேன்ட், இன்னொரு பாட்டில், புளூடூத் ஸ்பீக்கர் என்று ஏறிக்கொண்டே போகும். வீட்டுப் பரண் மாதிரிதான்.

நான்காவது, அடுக்குகிற முறை. கனமான சாமான் முதுகை ஒட்டி, நடு முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். லேசான துணி அடியில். திருப்புத்திறன் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், விசை பெருக்கல் தூரம். அதே தண்ணீர் பாட்டில் முதுகிலிருந்து பத்து சென்டிமீட்டரில் இருப்பதற்கும் முப்பது சென்டிமீட்டரில் தொங்குவதற்கும் பின்னால் இழுக்கிற இழுப்பு மூன்று மடங்கு வித்தியாசம். அந்த இழுப்பைச் சமாளிக்கத்தான் நாம் கூனிக்கொண்டு ஏறுகிறோம். அப்புறம் முதுகு வலி என்று மலையைத் திட்டுகிறோம். மழைக்கு வெளி உறையை மட்டும் நம்பாமல், உள்ளே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறையைப் போட்டு, அதற்குள் துணியை வையுங்கள். அந்த உறையைப் பத்திரமாகத் திரும்பவும் கொண்டுவாருங்கள், காட்டில் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பது சோதனை ஆகாது. வீட்டில் ஐந்து கிலோ அரிசியை உள்ளே வைத்து மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். தோள் உறுத்துகிறதா, பை ஆடுகிறதா, கழுத்துப் பிடிக்கிறதா என்று உடம்பே சொல்லிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவர் விலை கூடிய பை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் முதுகு அளவுள்ள நண்பரிடம் இரவல் வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கிறது. உங்களுக்கு அளவான இரவல் பை, அளவில்லாத சொந்தப் பையை விட மேல்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் பையை மட்டும் சரிபார்த்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கூட்டமாகப் போகும்போது ஒருவன் தோள் விட்டுப்போனால் பதினைந்து பேரின் நேரமும் போகும், இருட்டும் வந்துவிடும். அதை விடப் பெரியது, கஷ்டப்படுகிறவன் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். "நான் தூக்கிக்கிறேன்" என்று சொல்கிறவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நீங்கள் எல்லாம் நாற்பதைத் தாண்டியவர்கள். சர்க்கரை இருக்கிறவர், முட்டி தேய்ந்தவர், முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர் எல்லாம் உங்களில் இருக்கிறார்கள். வேனை விட்டு இறங்கியதும் போட்டோ எடுப்பதற்கு முன்னால், ஒவ்வொருவர் பையையும் இன்னொருவர் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். ஐந்து நிமிஷம் ஆகும். 1997இல் அந்த ஐந்து நிமிஷத்தை நான் செலவழிக்கவில்லை.

அந்தப் பையன் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பான். இப்போது சொந்தமாக லோடு வண்டி வைத்திருக்கிறான், இந்தப் பயணத்துக்கும் வருகிறான். இதை எழுதுவதற்கு முன் போனில் கேட்டேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் போடாதீங்க" என்றான். அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் சார். அந்தத் தாத்தா கட்டிவிட்ட துண்டுதான் ஞாபகம் இருக்கு" என்றான். மறக்கவில்லை என்று அவன் குரலிலேயே தெரிந்தது. போனில் கேட்டது போதாது, எல்லோர் முன்னாலும் திட்டியதற்கு எல்லோர் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டுக்கொள்கிறேன், தம்பி.

மாப்ளே, உன் வேட்டைப் பையைத் திருப்பி அனுப்ப இன்னும் நாள் இருக்கிறதா பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, முதுகை அளந்து தருகிறேன். அத்தையிடம் சொல்லி ஐந்து கிலோ அரிசி எடுத்து வைக்கிறேன். மாடிப்படி நம் வீட்டிலேயே இருக்கிறது.

மற்றவர்களும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்